குழப்படி எண் முப்பத்தாறு

1

எங்கள் குசினிச் சுவரில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. உங்கள் பிள்ளைகள் ஜேர்மனியில் பழைய வீடுகளில் இருந்தால் அவர்கள் வீட்டிலும் இருக்கும். இதைத் தேர்மே என்பார்கள். காஸில் எரிகிற பெட்டி. வீட்டைச் சூடாக்குவதும் இதுதான், குளிக்கத் தண்ணீர் சுட வைப்பதும் இதுதான். முன்பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் உண்டு. அதற்குள் பார்த்தால் நீலத் தீ வரிசையாக நிற்பது தெரியும். அதற்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஓர் எண் பலகை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதில் தண்ணீரின் சூடு தெரியும். ஒழுங்கில்லை என்றால் ஓர் எழுத்தும் எண்ணும் விட்டு விட்டு மின்னும்.

போன கார்த்திகையில் என் கணவரின் மூன்றாவது திவசம் வந்தது. அந்தக் கிழமையில் நான் ஒரு பிழை செய்தேன். அதனால் நானும் என் மகளும் இல்லாமலே போயிருக்கலாம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே வந்திருக்கிற அம்மாமாரில் நான் ஒருத்தி மட்டும்தான் இப்படிச் செய்திருப்பேன் என்று நினைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

அந்தப் பெட்டியைப் பூட்டிய காலத்தில் என் மகள் சுகந்திக்குப் பதின்மூன்று வயது. பூட்டியவர் ஒரு தடித்த புத்தகத்தை என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். முழுவதும் ஜேர்மன். அவர் ஊரில் வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புகளைத் திருத்தியவர். சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லுவார். இங்கே வுப்பர்டாலில் ஓர் உணவுக் கடையில் கோப்பை கழுவினார். விளங்காத ஒரு இயந்திரத்தோடு ஒரே வீட்டில் இருப்பது அவருக்குப் பெரிய குறை.

பெட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொப்பியும் பேனையுமாக மகளைக் கூப்பிடுவார்.

"பிள்ளை, இஞ்ச வா. இந்தப் பக்கத்தை வாசி."

"அப்பா, எனக்கு நாளைக்குச் சோதனை."

"இதுவும் சோதனைதான். தீயோட குடியிருக்கிறம். அது என்ன சொல்லுது எண்டு தெரியாம இருக்கேலாது."

அவள் முகத்தை நீட்டிக்கொண்டு வாசிப்பாள். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் நின்ற ஷ்டோறுங் என்ற சொல் என்ன என்று அவர் கேட்டார். அவள் பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"வகுப்பில கதைச்சா ரீச்சர் அப்பிடித்தான் பேசுவா. குழப்படி."

"அப்ப குழப்படி எண்டே எழுதுறன்."

அப்படித்தான் அந்தக் கொப்பி உண்டானது. அவள் சொன்னபடியே அவர் எழுதினார். குழப்படி 22: தண்ணி காணாது. குழப்படி 28: தீ பத்தேல்லை, காஸ் குழாய் பூட்டியிருக்கோ எண்டு பார். குழப்படி 29: பத்தின தீ இடையில நிண்டிட்டுது. குழப்படி 36: புகை வீட்டுக்குள்ள திரும்புது, யன்னலைத் திற, திரும்பப் பத்த வைக்கிற பட்டனை அமத்தாதே, ஆளைக் கூப்பிடு. இந்த எண்கள் எங்கள் பெட்டிக்கு உரியவை. வேறு கம்பனிப் பெட்டிக்கு வேறு எண்கள். கடைசிப் பக்கத்தில் எண் இல்லாமல் இரண்டு வரி இருந்தது. தீ நீலமா நிண்டா நல்லது, மஞ்சளா ஆடினா நிப்பாட்டு. காஸ் மணந்தா லைட் போடாதே, வெளியில போய்த்தான் போன் எடு.

"அப்பா, முப்பத்தாறு வந்தா நான் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லையோ?"

"முப்பத்தாறு வந்தா ஒருத்தரும் ஒண்டுக்கும் போகத் தேவையில்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தொட்டியடியில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்தக் காலத்தில் எங்களுடைய வாய் சுகந்திதான். அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வந்தால் அவள்தான் வாசிப்பாள். டெர்மீன் என்கிற சந்திப்பு நேரம் எடுப்பதும் அவள், எங்களைக் கூட்டிக்கொண்டு போவதும் அவள். டொக்டரிடம் என் வயிற்று வலியைச் சொன்னதும் பதின்மூன்று வயதில் அவள்தான். பிறகு படிக்கவென்று கார்ல்ஸ்ரூஹேக்குப் போனாள், படித்து முடித்து அங்கேயே வேலையும் எடுத்தாள். அவளோடு வீட்டிலிருந்த ஜேர்மனும் போய்விட்டது. அவர் இருந்தவரைக்கும் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தமிழில் சண்டை பிடித்தோம், தமிழில் தேத்தண்ணீர் குடித்தோம். அவர் போன பிறகு வீட்டில் பேசுவதற்கு அந்தப் பெட்டி ஒன்றுதான். பற்றும்போது ஒரு சின்ன வெடிச் சத்தம் போடும். காலையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு எழும்ப மனம் வரும்.

3

கீழ் வீட்டில் பிராவ் லேமன் என்ற ஜேர்மன் பெண் இருக்கிறார். என்னிலும் வயது கூட. ஒருநாள் படியில் என்னை மறித்து, தோய்த்துக் காயப்போட்ட சட்டை ஒன்றை மூக்குக்கு நேரே பிடித்து ஏதோ சொன்னார். மீன் என்ற சொல்லும் உடுப்பு என்ற சொல்லும் விளங்கின. மற்றதற்கெல்லாம் தலையாட்டினேன். மேலே வந்து மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் பிராவ் லேமனோடு கதைத்துவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

"ஒண்டுமில்லை அம்மா. கொடியில காயுற உடுப்பில மீன் பொரிச்ச மணம் பிடிச்சிட்டுதாம். அவ கோவிக்கேல்லை."

அவளுக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு ஒரு கிழமையாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் பின் வளவில் மிளகாயும் மல்லியும் வறுத்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் தும்மிக்கொண்டே, "என்ன அக்கா, தூளோ? எனக்கும் ஒரு போத்தல் எடுத்து வையுங்கோ" என்பாள். மணம் போன வீட்டுக்கெல்லாம் தூளும் போகும். இங்கே மணம் போகக் கூடாத வீட்டுக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து நான் சமைக்கிற விதம் மாறியது. யன்னலைப் பூட்டுவேன். அடுப்புக்கு மேலே இருக்கிற, புகையை இழுத்துக் கொடி இல்லாத பக்கமாகச் சுவருக்கு வெளியே தள்ளும் மெசினைக் கடைசி வேகத்தில் விடுவேன். அதை என் கணவர்தான் முன்னர் வாங்கிப் பூட்டினார். பிறகு குசினிக் கதவைச் சாத்துவேன். கதவின் அடியில் கீறிவிட்டதுபோல் மூன்று நீளத் துவாரங்கள். அவை ஏன் இருக்கின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மணம் அதனூடாகத்தான் படிக்கட்டுக்குப் போகும் என்று பட்டது. பழைய நூல் சேலை ஒன்றை நாலாக மடித்து அந்தத் துவாரங்களில் நெருக்கி அடைத்தேன். சமைத்து முடிந்ததும் எடுத்து, குசினியிலேயே நிற்கிற உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள் போட்டுவிடுவேன். யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

4

போன ஐப்பசியில் வீட்டு நிர்வாகம் பழைய மரச் சட்ட யன்னல்களைக் கழற்றிவிட்டு, இரட்டைக் கண்ணாடி போட்ட புது யன்னல்களைப் பூட்டினார்கள். பழைய யன்னலோரம் நின்றால் காற்றுக் கழுத்தைக் குத்தும். புதியதைப் பூட்டினால் வெளியே தொங்கு ரயில் போகிற சத்தம்கூடக் கேட்காது. எனக்குச் சந்தோஷம். சுகந்தி வந்து படுக்கிற அறை இனிக் குளிராது.

திவசம் சனிக்கிழமை. அவள் வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு போவதாகச் சொல்லியிருந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு வருகிறாள். திங்கட்கிழமையே அவளுக்கு ஒரு வருடத்துக்குக் காணுமளவு கறித்தூள் வறுக்கத் தொடங்கினேன். அவள் இப்போது உறைப்புக் குறைவாகச் சாப்பிடுகிறாள் என்று தெரியும். அதனால் மல்லியைக் கூட்டினேன்.

வழமைபோல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மிளகாயை வறுத்துக்கொண்டு நிற்கும்போது பெட்டி அணைந்தது. எண் பலகையில் முப்பத்தாறு மின்னியது. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவருடைய எழுத்து. பட்டனை அமத்தாதே, ஆளைக் கூப்பிடு.

ஆளைக் கூப்பிடுவதென்றால் சுகந்திக்குச் சொல்ல வேண்டும். போன மாசி மாதம் அவள் வருவதாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். "அப்ப நான் பிறகு வாறன் அம்மா, நீங்க நல்லாப் படுங்கோ" என்றாள். அந்தப் பிறகு பங்குனியில்தான் வந்தது. அதுவும் ஒரு நாளைக்கு. வீட்டில் சூடு இல்லை என்று இப்போது சொன்னால் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். முதலில் டெர்மீன் எடுப்போம், திருத்தட்டும், அதற்குப் பிறகு வாறன் என்பாள். அவளுடைய அப்பாவுக்கு நான் தனியாகப் படைக்க வேண்டும்.

யன்னலைத் திறந்தேன். காற்று வந்தது. பட்டனை அமத்தினேன். தீ பிடித்தது. கொப்பியை மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாயும் வறுத்தேன். செவ்வாயும் அணைந்தது. மூன்று தரம் அமத்தினேன். கண்ணாடித் துவாரத்தில் பார்த்தபோது தீயின் நுனி மஞ்சளாக அசைந்தது. எனக்குத் தலையிடித்தது. மிளகாய்ப் புகை என்று நினைத்துக்கொண்டேன். கோடாலித் தைலம் பூசிக்கொண்டு படுத்தேன். ஒரு விஷயத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். காஸ் கசிந்தால் மணக்கும். ஆனால் சரியாக எரியாத தீயிலிருந்து வருகிற நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடியும் வயிற்றுப் பிரட்டலும் தான் அதன் அடையாளம். வயது போனவர்களுக்கு இவை எந்த நாளில்தான் இல்லை?

புதன்கிழமை அவள் போன் எடுத்தாள்.

"அம்மா, எல்லாம் சரிதானே? நான் டிக்கற் எடுத்திட்டன்."

"ஓம் பிள்ளை. எல்லாம் சரி. நீ வா."

5

வந்தாள். மெலிந்திருந்தாள். ஒரு பை நிறையப் பூ. கட்டிப்பிடிக்கும்போது என் தலையைத் தன் நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நான் அந்த அளவுக்குக் கட்டையாகிவிட்டேன். வெள்ளிக்கிழமை அவித்த சாப்பாடுதான் செய்தேன், எதையும் பொரிக்கவில்லை. பெட்டியும் ஒரு குழப்படியும் செய்யவில்லை. கடவுளே, நாளைக்கு மட்டும் என்று அதைப் பார்த்துக் கும்பிட்டேன்.

சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். நான் வடைக்கு எண்ணெய் வைத்தேன். கை தன்பாட்டில் வழமையைச் செய்தது: யன்னல், மெசின், கதவு, சேலை. அவள் அங்கே சுடுதண்ணீர் திறந்ததும் இங்கே பெட்டி உரத்து எரியத் தொடங்கியது. முதல் ஈடு வடை பொங்கி வருகிற நேரம் அணைந்தது.

பட்டனை அமத்தினேன். பிடித்தது. திரும்ப அணைந்தது. திரும்ப அமத்தினேன். குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

"அம்மா! சூடில்லாமப் பச்சைத்தண்ணி வருது!"

"பொறு பிள்ளை, இப்ப வரும்!"

எத்தனை தரம் அமத்தினேன் என்று தெரியாது. எண்ணெயை நிப்பாட்ட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அடுப்பை நிப்பாட்டினேன். பிறகு என் முழங்கால் என்னுடையதுபோல் இல்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்தேன். சேலையை எடுக்க வேண்டும், அவள் காணக் கூடாது என்ற நினைப்பு மாத்திரம் தெளிவாக இருந்தது. குனிந்து இழுத்து மெசினுக்குள் தள்ளிவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றேன்.

தலையில் சவர்க்கார நுரையோடு, துவாய் சுற்றியபடி சுகந்தி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எண் பலகையைப் பார்த்தாள். அடுத்த கணம் யன்னல் விரியத் திறந்திருந்தது, பெட்டி நிறுத்தப்பட்டிருந்தது, நான் வாசல் படியில் இருந்தேன். பதின்மூன்று வயதில் வாசித்ததை அவள் மறக்கவில்லை.

"முப்பத்தாறு அம்மா! இது எப்ப துடங்கினது?"

"இப்பதான்."

6

அவள் போன் எடுத்து, மத்தியானம் திருத்துகிறவர் வந்தார். ஹெர் போகல் என்று பெயர். பெரிய உடம்பு, நரைத்த மீசை. குசினிக்குள் கால் வைத்ததும் நாலு தரம் தும்மினார். சுகந்தி மன்னிப்புக் கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை, மூக்கடைப்புப் போய்விட்டது" என்றாராம்.

பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். புகைபோக்கிக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். பெட்டியைப் பற்ற வைத்து, நஞ்சுப் புகையை அளக்கிற அளவு மெசினை அதனருகே நீட்டிப் பார்த்தார். யன்னல் திறந்திருந்தது. கதவு திறந்திருந்தது. புகை இழுக்கிற மெசின் நின்றிருந்தது. தீ நீலமாக நின்றது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். புகை திரும்புவதைக் கண்டு பெட்டியை நிறுத்துகிற உணர்கருவி பழுதாக இருக்கலாம், அதை மாற்றிவிடலாம், மற்றபடி எல்லாம் ஒழுங்கு என்று அவர் சொல்வதைச் சுகந்தி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"உணர்கருவிதானாம் அம்மா. மற்றதெல்லாம் நல்லாயிருக்காம். இண்டைக்கே சூடு வருமாம்."

அவர் கதிரையில் இருந்து கடுதாசியை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். சுகந்தியின் முகத்தில் நிம்மதி. தலை இன்னும் ஈரம். இன்றைக்குச் சூடு வரும். அவள் ஞாயிறு வரைக்கும் இருப்பாள். நான் பேசாமல் நின்றால் போதும்.

பேசாமல் நிற்பதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. இந்த நாட்டில் இத்தனை வருடமும் அதைத்தான் செய்தேன். ஆனால் அவர் கையெழுத்து வைக்கப் பேனையைத் தூக்கியபோது, அவள் குளித்துக்கொண்டிருந்த சத்தம் எனக்குத் திரும்பக் கேட்டது. அந்த உணர்கருவி பழுதில்லை என்று எனக்குத் தெரியும். அது ஆறு நாளாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பொய் சொன்னது நான்.

"ஹெர் போகல்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இரண்டு பேரும் திரும்பினார்கள். "இஷ் கோஹ நிஷ்ட் சோ."

நான் இப்படிச் சமைக்கிறதில்லை என்று அர்த்தம். எனக்கு வந்த ஜேர்மன் அவ்வளவுதான். மிச்சத்தைக் கையால் செய்தேன். யன்னலைப் பூட்டினேன். அடுப்புக்கு மேலிருந்த மெசினைக் கடைசி வேகத்துக்கு விட்டேன். கதவைச் சாத்தினேன். உடுப்பு மெசினைத் திறந்து சேலையை எடுத்து, அவர்கள் இரண்டு பேரும் பார்க்க நிலத்தில் முழந்தாளிட்டு, ஒவ்வொரு துவாரமாக அடைத்தேன். வடிவாக அடைக்க வரவில்லை, திரும்ப அடைத்தேன்.

ஹெர் போகல் எழும்பினார். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தார். தீ பிடித்தது. புகை விடுகிற ஒரு சின்னக் குழலைப் பெட்டியின் மேல் விளிம்பில் பிடித்தார். மேலே போக வேண்டிய புகை வளைந்து எங்கள் பக்கம் வந்தது. தீ மஞ்சளாகி ஆடியது. அவருடைய கையிலிருந்த அளவு மெசின் கத்தத் தொடங்கியது. அவர் ஒரே பாய்ச்சலில் எல்லாவற்றையும் நிறுத்தி, யன்னலைத் திறந்து, எங்களை வெளியே போகச் சொல்லிக் கையை வீசினார்.

படிக்கட்டில் நின்று அவர் சொன்னதைச் சுகந்தி மெல்ல மெல்லத் தமிழாக்கினாள். அவளுக்குத் தமிழ்ச் சொல் கிடைக்கக் கஷ்டமாக இருந்தது.

"தீக்கும் மூச்சு வேணுமாம் அம்மா. அந்தக் கதவுத் துவாரத்தாலதான் அது மூச்சு எடுக்குதாம். பழைய யன்னலில இடைவெளி இருந்ததால நீங்க தப்பினீங்களாம். இப்ப யன்னலும் இறுக்கம், துவாரமும் இல்லை. அடுப்புக்கு மேல இருக்கிற மெசினுக்கு இழுக்க வேற காத்து இல்லாததால புகைபோக்கிக்குள்ளால கீழ இழுக்குதாம். அந்தப் புகையைத்தான் நீங்க..."

ஹெர் போகல் என்னைப் பார்த்துத் தன் தொப்பியைத் தொட்டு ஏதோ சொன்னார்.

"நீங்க சொல்லாட்டி, எல்லாம் சரி எண்டு கையெழுத்து வைச்சிட்டுப் போயிருப்பாராம்."

7

காஸ் குழாயில் சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போனார். யன்னல் திறந்திருந்தால் மட்டும் புகை இழுக்கிற மெசின் ஓடும்படி ஒரு பூட்டுப் போட வேண்டும், செவ்வாய்க்கிழமைதான் டெர்மீன். அதுவரைக்கும் சூடு இல்லை.

நான் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் இருந்தேன். சுகந்தி எதிர்க் கதிரையில் மேலங்கியோடு இருந்தாள்.

"உண்மையாச் சொல்லுங்கோ. எப்ப துடங்கினது?"

"திங்கள்."

"திங்களோ! நான் புதன் கேட்டனான், எல்லாம் சரியோ எண்டு!"

"சொன்னா நீ வரமாட்டாய்."

அவள் என் கையிலிருந்த சேலையைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். "போன முறை காய்ச்சல் எண்டனான். நீ பிறகு வாறன் எண்டனி."

"நீங்க படுக்கவேணும் எண்டு சொன்னனான் அம்மா."

"படுத்தனான்தானே. தனிய."

அவள் எழும்பிப் போய் யன்னலடியில் நின்றாள். முதுகு குலுங்கியது. போய்த் தொட எனக்குப் பயமாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எழும்புங்கோ. அப்பாவுக்கு வடை சுடவேணும். யன்னலைத் திறந்து போட்டுச் சுடுவம். வுப்பர்டால் முழுக்க மணக்கட்டும்."

மேலங்கியும் தொப்பியுமாக நின்று சமைத்தோம். எங்கள் அடுப்பு கரண்டில் வேலை செய்வது, அதற்குத் தடையில்லை. பின்னேரம் நாலு மணிக்கு அவருக்குப் படைத்தோம். கற்பூரம் கொளுத்தும்போது யன்னல் காற்றில் இரண்டு தரம் அணைந்தது. இரண்டு தரமும் அவள்தான் கொளுத்தினாள்.

அந்த நேரம் பிராவ் லேமன் கதவைத் தட்டினார். கையில் ஒரு மின்சார ஹீற்றர். ஹெர் போகல் கீழ் வீட்டுப் பெட்டியையும் பார்த்திருக்கிறார், எல்லாம் சொல்லியிருக்கிறார். பிராவ் லேமன் சுகந்தியிடம் நீளமாகக் கோபமாகப் பேசினார். நான் அவளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"என்னவாம்?"

"இரண்டு வருசத்துக்கு முதல் ஒரே ஒரு நாள்தானாம் சொன்னவ. அதுக்காக ஆராவது தங்களைத் தாங்களே அடைச்சு வைப்பினமோ எண்டு கேக்கிறா. பொரிக்கிற நாளில மணி அடிச்சுச் சொன்னா தன்ர உடுப்பை உள்ளுக்கு எடுத்திடுவாவாம். அவ்வளவுதானாம்."

நான் ஒரு வடையைக் கோப்பையில் வைத்துக் கொடுத்தேன். கடித்துப் பார்த்து, கண் கலங்கி, இன்னொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சுகந்தி வேலைக்குப் போன் எடுத்துத் திங்களுக்கும் செவ்வாய்க்கும் லீவு கேட்டாள். ஞாயிறும் திங்களும் நின்றாள். ஒரு ஹீற்றருக்கு முன்னால் ஒரே போர்வைக்குள் இருந்தோம். தண்ணீரைச் சுட வைத்து, சின்னப் பிள்ளையாக இருந்தபோது வார்த்ததுபோல் அவளுக்குத் தலையில் வார்த்தேன். தன்னுடைய வேலையைப் பற்றிச் சொன்னாள், தன்னோடு இருக்கிற பொடியனைப் பற்றி முதல் தரமாகச் சொன்னாள். அவன் உறைப்புச் சாப்பிடப் பழகுகிறானாம். சூடு இல்லாத அந்த வீட்டில் எனக்கு மூன்று நாளும் குளிரவே இல்லை. செவ்வாய் வரக் கூடாது என்று நினைத்தேன். ஹெர் போகலுக்கு வேறு அவசர வேலை வரட்டும் என்று நினைத்தேன். அவர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்தார்.

8

இப்போது யன்னலைத் திறந்தால்தான் புகை மெசின் வேலை செய்கிறது. குளிர்தான், சால்வையைப் போட்டுக்கொண்டு சமைக்கிறேன். பொரிக்கிற நாளில் கீழே போய் மணி அடிக்கிறேன். பிராவ் லேமன் கொடியிலிருந்து உடுப்பை எடுத்துவிட்டுக் கையைக் காட்டுவார்.

சுகந்தி செவ்வாய்க்கிழமை பின்னேர ரயிலில் போனாள். மேடையில் நின்று, "இனி எண் மாறினா முதல் எனக்குச் சொல்லவேணும். நான் உடன வருவன். வேலை, சோதனை, ஒண்டும் பாக்கமாட்டன். சத்தியம்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். அப்பாவைப் போல.

ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்குப் போன் எடுக்கிறாள். சுகமோ என்று கேட்பதில்லை. சுகம் என்று நான் எப்போதும் சொல்லுவேன் என்று அவளுக்குத் தெரியும். பெட்டியைப் போய்ப் பார்க்கச் சொல்கிறாள். நான் போனை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண் பலகையைப் பார்க்கிறேன். ஒரே ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் போதும், அவள் அடுத்த ரயிலில் இருப்பாள். மூன்றரை மணித்தியாலத்தில் இந்தக் குசினியில் இருப்பாள். இதை நினைக்காமல் ஒரு ஞாயிறும் போனதில்லை. தீ நீலமாக, அசையாமல் நிற்கிறது.

"என்ன எண் அம்மா?"

"நாப்பத்தெட்டு."

"தீ?"

"நீலம்."

"அப்ப சரி. பிறகு எடுக்கிறன்."

"ஓம் பிள்ளை" என்கிறேன். "சரி."